ஸ்டென்ட்டில் தடவிய மருந்து தீர்ந்த பிறகு ரத்தக்குழாய்க்கு என்ன ஆகும்?

பொதிகைக்காற்று கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு வயது 63, பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன வருடம் அட்டாக் வந்து அன்றைக்கே ஆஞ்சியோ செய்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்களான எல்.ஏ.டி.யில் ஒன்று, ஆர்.சி.ஏ.வில் ஒன்று என இரண்டு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலை) வைத்தார்கள். இரண்டுமே மருந்து தடவியது. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது, வலி எதுவும் இல்லை, காலையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார், எக்கோவும் பரவாயில்லை என்றார்கள்.

போன மாதம் ரிவ்யூவில் டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரையில் டிகாகிரெலாரை நிறுத்திவிட்டு இனி ஆஸ்பிரின் மட்டும் போதும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா (அவரும் ஸ்டென்ட் வைத்தவர்தான்) "அதில் தடவின மருந்து ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் உள்ளே இருப்பது வெறும் கம்பி, அந்த நேரம் பார்த்து மாத்திரையையும் நிறுத்தினால் எப்படி" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். இன்னொரு சொந்தக்காரர் ஸ்டென்ட்டுக்கு வாலிடிட்டியே பத்து வருடம்தான் என்கிறார். அப்பா அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, நெஞ்சில் கை வைத்து வைத்துப் பார்க்கிறார். டாக்டரிடம் கேட்கலாம் என்றால் அந்த இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது?

அந்த மருந்து உண்மையில் எவ்வளவு நாள் வரும், தீர்ந்த பிறகு குழாய் என்ன செய்யும், இதை யாராவது புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

கேத்லேப்காரன் எழுதியது:

தம்பி, நான் டாக்டர் இல்லை, ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கிற கேத் லேபில் பதினொரு வருடமாக டெக்னீஷியன். தினமும் கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னதுதான் கணக்கு.

மாமா சொன்னதில் பாதி சரி. மருந்து தீரத்தான் செய்யும், அதுவும் ஒரு வருடம்கூட ஆகாது. இப்போது அதிகம் வைக்கிற, எவரோலிமஸ் என்ற மருந்து தடவிய ஸ்டென்ட்டில் சுமார் 80 சதவீத மருந்து முதல் மாதத்திலேயே குழாய்ச் சுவருக்குள் போய்விடும், நான்கு மாதத்துக்குள் மிச்சமும் காலி. அப்பாவுடையதும் அந்த மாதிரி என்றால், பத்து மாதமாக மருந்து இல்லாமல்தான் இருக்கிறது, அந்தப் பத்து மாதமும் அவர் நன்றாக நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிற மாதிரி செய்கிறார்கள் என்றால், அது தேவைப்படுவதே அந்தச் சில மாதங்களுக்குத்தான். பலூனை ஊதும்போது நாம் கொடுக்கிற அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. அந்த அழுத்தத்தில் அடைப்பு நசுங்கும்போது குழாயின் உள்படலமும் சேர்ந்து கிழிகிறது. உடம்புக்கு அது சிகிச்சை என்று தெரியாது, காயம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். முதலில் தட்டணுக்கள் வந்து ஒட்டும், அப்புறம் வெள்ளணுக்கள் வரும், அதற்கும் அப்புறம் சுவரின் நடு அடுக்கில் இருக்கிற மென்தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து வந்து பெருகித் தழும்பு போடும். முழங்காலில் அடிபட்டால் தழும்பு மேடாக நிற்பது போலத்தான், ஆனால் இங்கே மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் மேடு வந்தால் வழி எங்கே இருக்கும்? வெறும் பலூன் மட்டும் போட்ட காலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்ப அடைத்தது. மருந்து இல்லாத வெறும் ஸ்டென்ட் வந்தபோது அது 20 முதல் 30 சதவீதம் ஆனது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அந்த ஆறு மாதத்தைக் கடத்தத்தான் மருந்து. செல் பெருகுவதை அது நிறுத்தி வைக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தழும்பு போடுகிற செல்லை நிறுத்துகிற மருந்து, கம்பி மேல் புதிதாக மூடவேண்டிய உள்படலத்தையும் சேர்த்தே தாமதப்படுத்தும், அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. படலம் மூடாத கம்பி ரத்தத்தில் நேராக நின்றால் அதில் ரத்தம் உறையும். அதனால்தான் ஆஸ்பிரினும் டிகாகிரெலார் மாதிரி இன்னொன்றும் என இரண்டு மாத்திரை. அட்டாக் வந்து வைத்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடம், அட்டாக் இல்லாமல் வைத்தவர்களுக்கு ஆறு மாதம், ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாகவும் கொடுக்கிறார்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டது, அதனால் ஒன்றை நிறுத்தியிருக்கிறார். மருந்து தீர்ந்ததும் மாத்திரை நிறுத்தியதும் ஒரே நேரத்தில் நடந்த விஷயம் இல்லை, ஒன்றுக்கு ஒன்று பதிலும் இல்லை.

பத்து வருட வாலிடிட்டி என்பது வாட்ஸப் கதை. கோபால்ட் குரோமியம் துருப்பிடிக்காது.

செட்டிநாட்டான் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மாத்திரை பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த மாமாவைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அவர் 2007 வாக்கில் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு.

என் சித்தப்பாவுக்கு 2004இல் வைத்தார்கள், முதல் தலைமுறை ஸ்டென்ட், அப்போது விலை ஒரு லட்சத்துக்கு மேல், நகை அடகு வைத்துத்தான் கட்டினோம். அந்தக் காலத்தில் அதைப் பற்றி ஊரெல்லாம் ஒரே பேச்சு. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் எட்வார்டோ சோசா முதன்முதலாகச் சிரோலிமஸ் தடவிய ஸ்டென்ட்டை மனிதருக்கு வைத்தார். 2002இல் ராவெல் என்ற ஆய்வு வந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் திரும்ப அடைத்தது ஒருவருக்குக்கூட இல்லை. பூஜ்யம்! இதய நோய் டாக்டர்களே இனி இந்தப் பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

அந்த மருந்தின் கதையும் சினிமா மாதிரி. 1964இல் ஈஸ்டர் தீவில், அந்த ஊர்க்காரர்கள் ராபா நூயி என்பார்கள், மண் அள்ளி வந்தார்கள். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து மான்ட்ரியலில் சுரேந்திர நாத் சேகல் என்ற நம் நாட்டு விஞ்ஞானி எடுத்ததுதான் ராபமைசின், அதற்கு இன்னொரு பெயர் சிரோலிமஸ். முதலில் பூஞ்சைக்கு மருந்து என்று நினைத்து, கம்பெனி வேண்டாம் என்றபோது அவர் அந்த நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பிறகு அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தானது, அப்புறம்தான் ஸ்டென்ட்டுக்கு வந்தது. நீங்கள் சொல்கிற எவரோலிமஸ் அதன் தம்பி மாதிரி.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன். மூன்று வருடம் ஒன்றுமே இல்லை. 2007இல் கடைவாய்ப் பல் பிடுங்கவேண்டி வந்தது. பல் டாக்டர் ரத்தம் நிற்காது என்று எல்லா மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார், இவரும் இதய டாக்டரைக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அட்டாக். ஆஞ்சியோ பார்த்தால் ஸ்டென்ட் வைத்த அதே இடத்தில் ரத்தக்கட்டி. மூன்று வருடம் ஆன பிறகு! பிழைத்தார், ஆனால் இதயம் பழைய மாதிரி இல்லை.

இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதய மாநாட்டில் இதை வைத்துப் பெரிய ரகளையே நடந்திருக்கிறது, அந்த டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தனியாகக் கூட்டம் போட்டது. அதன் பிறகுதான் பன்னிரண்டு மாதம் இரண்டு மாத்திரை என்பது எல்லா இடத்திலும் வழக்கமானது. ஆகவே பொதிகை, எதை நிறுத்தினாலும் இதய டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் போகும்போது இதை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு ஆஸ்பிரினையாவது விடக்கூடாது.

பழையஸ்டெத் எழுதியது:

ஓய்வு பெற்ற மருத்துவன். இரண்டு பேரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் இரண்டிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அது விட்டுப்போனால் "மருந்து தீர்ந்தது, தழும்பு மூடியது, வேலை முடிந்தது" என்று படித்தவர் நினைத்துக்கொள்வார்.

செட்டிநாட்டான் சித்தப்பாவின் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று வருடம் கழித்து ஏன் உறைந்தது? அந்தக் காலத்தில் இப்படி இறந்தவர்களின் ரத்தக்குழாய்களை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களில் முக்கியமானவர் ரேணு விர்மானி, அமெரிக்காவில் வேலை செய்த இந்திய நோயியல் நிபுணர். அவர் குழு 2006இல் எழுதியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. வெறும் ஸ்டென்ட் வைத்த குழாய் சில மாதத்தில் படலம் போட்டு மூடியிருந்தது, மருந்து ஸ்டென்ட் வைத்ததில் வருடங்கள் கழித்தும் கம்பிகள் மூடாமல், சுற்றிலும் ஃபைப்ரின் என்ற ரத்தம் உறையும்போது வரும் நார் படிந்து, நேற்று வைத்த மாதிரி கிடந்தன. ராவெலில் பார்த்த அந்தப் பூஜ்யத்தின் மறுபக்கம் இதுதான். தழும்பே போடாத குழாய் ஆறாத குழாயாகவும் இருந்துவிட்டது. சிலருக்கு மருந்தைப் பிடித்துவைக்கிற பாலிமர் பூச்சே ஒத்துக்கொள்ளாமல் சுவர் அழன்று, கம்பியை விட்டு விலகி வீங்கியும் இருந்தது. மருந்து போய்விடும், பாலிமர் அங்கேயே இருக்கும், அதை யாரும் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

இன்னொன்று, நோயாளிகள் சொல்லி டாக்டர்கள் நம்பாத விஷயம். "ஸ்டென்ட் வைத்தும் வேகமாக நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது, ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்" என்பார்கள். 2005இல் சுவிட்சர்லாந்தில் ஒரு குழு, சிரோலிமஸ் ஸ்டென்ட் வைத்தவர்களைப் படுத்தபடியே சைக்கிள் மிதிக்க வைத்து ஆஞ்சியோ எடுத்தது. உழைக்கும்போது விரியவேண்டிய குழாய், ஸ்டென்ட்டுக்கு முன்னும் பின்னும் சுருங்கியது. கம்பி இருந்த இடம் திறந்துதான் இருந்தது, அதன் அக்கம்பக்கம்தான் வேலை செய்ய மறந்திருந்தது. நானும் என் நோயாளிகள் சிலரிடம் "மனப்பிரமை" என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு இப்போது வருந்துகிறேன்.

இப்போதைய ஸ்டென்ட்டுகள் இதையெல்லாம் நிறையவே சரி செய்துவிட்டன. முதல் தலைமுறைச் சிரோலிமஸ் ஸ்டென்ட்டான சைஃபரின் கம்பி 140 மைக்ரான், இப்போது 60லிருந்து 80 வரை, ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். மெல்லிய கம்பி என்றால் சுவரில் காயம் குறைவு, ரத்த ஓட்டம் சுழியாமல் போகும், படலமும் சீக்கிரம் ஏறி மூடும். பூச்சும் மாறிவிட்டது. அதனால் சித்தப்பாவுக்கு நடந்தது இன்று மிகவும் அபூர்வம். சர்க்கரை உள்ளவர்களுக்கென்றே நம் நாட்டில் 1,830 பேரிடம் செய்த டக்சீடோ ஆய்வு 2015இல் வந்தது, பாக்லிடாக்செல் என்ற வேறு மருந்து தடவிய பழைய ஸ்டென்ட்டை விட எவரோலிமஸ் தெளிவாக நன்றாக இருந்தது, ஒரு வருடத்தில் சிக்கல் வந்தது அதில் 5.6 சதவீதம், இதில் 2.9.

இனி விட்டுப்போன விஷயம். ஸ்டென்ட்டுக்குள் புதிதாக வளர்ந்த அந்தப் படலத்திலேயே திரும்பவும் கொழுப்புப் படியும். நியோஅதெரோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். சாதாரணக் குழாயில் கொழுப்பு படிய முப்பது நாற்பது வருடம் எடுக்கும், ஸ்டென்ட்டுக்குள் அது வருடக்கணக்கிலேயே வந்துவிடுகிறது. விர்மானி குழுவே 2011இல் 299 பேரின் பிரேதப் பரிசோதனைகளை வைத்துக் கணக்கிட்டது. வெறும் ஸ்டென்ட்டில் இந்தக் கொழுப்பு காணப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைத்து நடுமட்டமாக 2,160 நாள், அதாவது ஏறக்குறைய ஆறு வருடம். மருந்து ஸ்டென்ட்டில் 420 நாள். அப்பாவுக்குப் பதினான்கு மாதம் என்றீர்களே, அது ஏறக்குறைய அதே 420 நாள்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை, அவை பெரும்பாலும் பழைய தலைமுறை ஸ்டென்ட். ஆனால் காரணம் இப்போதும் அதேதான். மருந்து பட்ட சுவரில் வளர்கிற உள்படலம் முழுசாக முதிர்வதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓட்டைக் கூரை மாதிரி இருக்கும், ரத்தத்தில் உள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு அதன் வழியே உள்ளே இறங்கும். 2020இல் 25,000 பேருக்கு மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வில், முதல் வருடத்துக்குப் பிறகு எந்த வகை ஸ்டென்ட்டாக இருந்தாலும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் வைத்த இடத்தில் ஏதோ ஒரு சிக்கல் வந்தது, ஐந்து வருடம் வரை அது குறையவே இல்லை.

கம்பியே இல்லாமல் போனால் குழாய் பழையபடி ஆகிவிடுமே என்று மூன்று வருடத்தில் கரைந்துபோகிற ஸ்டென்ட்டும் செய்து பார்த்தார்கள், அப்சார்ப் என்று பெயர். நான் மிகவும் நம்பிய விஷயம் அது. கரைகிற பொருளுக்குப் பலம் வேண்டும் என்று தடிமனாகச் செய்யவேண்டியிருந்தது, கரைந்து முடிவதற்குள்ளேயே நிறையப் பேருக்கு உறைந்தது. 2017இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே பொதிகை, "மருந்து தீர்ந்துவிட்டதா" என்று அப்பா நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. பார்க்கவேண்டியது அவருடைய எல்.டி.எல். எவ்வளவு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்பதை. இதயநோய் வந்துவிட்டவர்களுக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டல். அது எவ்வளவு இருக்கிறது?

இரண்டாம்ரவுண்டு எழுதியது:

நான் இந்த 2 சதவீதத்தில் ஒருவன். 2018இல் ஸ்டென்ட், 2022இல் திரும்ப அடைப்பு. எல்லாருக்கும் அட்டாக்காகத்தான் வரும் என்று நினைக்கவேண்டாம், எனக்கு மெதுவாக வந்தது. முதலில் இரண்டாம் மாடி ஏறும்போது, அப்புறம் முதல் மாடி, கடைசியில் சாப்பிட்டுவிட்டு நடந்தாலே இடது தாடையில் ஒரு இழுப்பு. கேஸ் என்று இரண்டு மாதம் ஜெலூசில் குடித்தேன், அது என் முட்டாள்தனம்.

ஆஞ்சியோ எடுத்து, உள்ளே ஓ.சி.டி. கேமரா விட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கொழுப்பும் கொஞ்சம் இருந்தது, ஆனால் முக்கியக் காரணம் முதல் தடவையே ஸ்டென்ட் முழுசாக விரியவில்லை. பின்னால் சுண்ணாம்பு மாதிரி கல்லாக இருந்ததாம், எலும்பில் சேருகிற அதே கால்சியம். எங்கே வைத்தார்கள் என்று எழுத விரும்பவில்லை. எல்லாவற்றுக்கும் குழாயைக் குற்றம் சொல்லமுடியாது, வைத்த கையையும் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு ஸ்டென்ட் வைக்காமல், உள்ளே இருந்ததை நன்றாக விரித்துவிட்டு மருந்து தடவிய பலூனை ஒரு நிமிடம் ஊதி எடுத்துவிட்டார்கள். மூன்று வருடமாக நன்றாக இருக்கிறேன்.

பொதிகைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன், இரண்டுமே சிரோலிமஸ், கம்பெனி பெயரைத் தேடினால் சூரத் என்று வருகிறது. உள்ளூர் ஸ்டென்ட் என்றால் மட்டமா? விலை கம்மியாகத்தான் போட்டிருந்தார்கள், முப்பத்தைந்தாயிரம் சொச்சம்.

கேத்லேப்காரன் எழுதியது:

மட்டம் இல்லை தம்பி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தது, மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 என்று. அதற்குப் பிறகு அது ஏறியிருக்கிறது, உள்ளூரோ வெளிநாடோ அந்த வரம்புக்குள்தான். சூரத்தில் செய்கிற 60 மைக்ரான் ஸ்டென்ட் ஒன்றை ஐரோப்பாவில் 1,435 பேரிடம் வெளிநாட்டு எவரோலிமஸ் ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு வருடத்தில் அதற்குக் குறைந்தது இல்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். விலையை வைத்து எடைபோட வேண்டாம்.

பொதிகைக்காற்று எழுதியது:

நல்லது. பழையஸ்டெத் ஐயா, நீங்கள் கேட்ட எல்.டி.எல். போன மாத ரிப்போர்ட்டில் 118. டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாம் மாதம் எடுத்தபோது 61 இருந்திருக்கிறது. எப்படி ஏறியது என்று அம்மாவிடம் கேட்டால், ஐந்து மாதமாகக் கொழுப்பு மாத்திரையை அப்பா போடுவதே இல்லை, கெண்டைக்கால் வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாராம். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். ஸ்டென்ட் மருந்து தீர்ந்துபோச்சு என்று தூங்காமல் கிடந்த மனுஷன், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை!

பழையஸ்டெத் எழுதியது:

திட்டாதீர்கள், இதை மறைக்கிறவர்கள் நிறையப் பேர். கால்வலி உண்மையாகவே இருக்கலாம். டோஸைக் குறைக்கலாம், அதே வகையில் (ஸ்டாட்டின் என்பார்கள்) வேறு மாத்திரைக்கு மாற்றலாம், எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாம், அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியும் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், 61உம் 118உம் அவர் கண்ணில் பட்டால் அந்த இரண்டு நிமிடம் போதும்.